சாப்டாச்சா

இலவச உணவுக்கூடத்தில் சுகந்தி சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். நீண்டு வந்த ஒரு தட்டுக்கு மேலே மாடி வீட்டு ஜெயசீலனின் முகம் இருந்தது. மாடிப்படியில் தினமும் கேட்பதே அவள் வாயில் வந்துவிட்டது. "என்ன சார், சாப்டாச்சா?"

"ஆச்சும்மா, இப்பதான்." தட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "சும்மா, கூடமாட ஒத்தாசை பண்ணலாம்னு வந்தேன்." தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பந்திக்குள் போய்விட்டார். சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஓடி ஓடி ஊற்றினார். அவருக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கலாம்தான். என்ன சொல்லி நீட்டுவது? யோசித்துக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் போட்டாள். அண்டா தீர்ந்தது. வேர்த்து வழிய அவர் எதிரே வந்து நின்றார்.

"நீங்க சாப்டாச்சாம்மா?"

அவள் குனிந்து, ஒன்றுமில்லாத அண்டாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.