பிய்ந்த தோசை

வெளிநாட்டு ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருந்த ஆறு வருடமும் மாயழகுவின் சாப்பாடு, கல்லில் பிய்ந்துபோன தோசைகள்தான். அதுவும் நின்றுகொண்டே. முகம் சுளித்தால் போதும், "வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கே அனுப்பிருவேன்" என்பார் ஹோட்டல் முதலாளி சபாரெத்தினம்.

அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பி.ஆர். அட்டை கைக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசல்வரை கூட்டம். மாயழகு ஏப்ரனைக் கழற்றி முதலாளியின் தோளில் போட்டுவிட்டு, ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்தான்.

"நெய் ரோஸ்ட் ஒண்ணு. நீங்களே ஊத்துங்க முதலாளி."

வேறு மாஸ்டர் கிடையாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஊற்றினார். தோசை நாலாகப் பிய்ந்து வந்தது. மாயழகு தட்டை அவர் பக்கமே நகர்த்தினான்.

"இது உங்களுக்கு. நின்னுக்கிட்டே சாப்பிடுங்க. எனக்கு முழுசா ஒண்ணு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். இனிமே என்னை எங்கயும் அனுப்ப முடியாதில்ல?"