மிச்ச மூச்சு

தாமோவின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. கிணற்றுக்குள் அண்ணன் ஓரனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். இருவரையும் மேலே இழுத்த கையோடு, செத்தவனைத் தூக்கியும் உயிரோடு இருந்தவனைக் கைகட்டி உதைத்தும் ஓரன் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள்.

ஓரனின் மச்சான் பெரூக் கோடாலியோடு நின்றான். "இவன் அமுக்கினதை என் கண்ணால பாத்தேன். இப்பவே தலை உருளணும்."

"தூக்கத்தான்டா முடியைப் பிடிச்சேன்," என்றான் தாமோ.

பெரூக்கின் முழங்கால் அவன் முகத்தில் இறங்கியது. பல் ஒன்று தெறித்தது. "பல்லோட பொய்யும் விழட்டும்."

கிணறு அண்ணன் தம்பிக்குப் பொது. ஒருவன் போனால் மற்றவனுக்கு. இருவரும் போனால் ஓரன் பெண்டாட்டி வீட்டாருக்கு. எங்கள் பக்கத்தில் தண்ணீருக்காக யாரும் யாரையும் கொல்வார்கள். உடன்பிறப்பு என்பதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு.

ஆனால் வெட்டுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. செத்தவன் நெஞ்சில் மிச்ச மூச்சு தங்கினால் வீட்டுப் பிள்ளைகளைத் தின்றுவிடும். கொலை என்றால், கொன்றவனே அதை விரட்டியாக வேண்டும்.

எப்படி என்பது முன்னோர் வாழ்ந்து இடிந்துபோன நகரத்துச் சுவரில் படமாக இருக்கிறது. எல்லா வீட்டு வாசல் நிலையிலும் அதைச் செதுக்கி வைத்திருக்கிறோம். முதல் படத்தில், கிடப்பவன் நெஞ்சை ஒருவன் இரண்டு கையாலும் அமுக்குகிறான். அடுத்ததில் வாயோடு வாய் வைத்து ஊதுகிறான். மூன்றாவது படம் இருந்த சுவர் எப்போதோ விழுந்துவிட்டது.

"பொழுது சாயட்டும் அண்ணே," என்றாள் ஓரன் மனைவி இசெல். "உடம்பு விறைச்ச பிறகுதானே செய்வோம்? நான் இன்னும் அழுதுகூட முடிக்கல."

"அதுவரைக்கும் இந்த நாய்க்குச் சோறு போடப் போறியா? இப்பவே அமுக்கட்டும். முடிஞ்சதும் வெட்டறேன்."

தாமோவின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். அண்ணன் நெஞ்சில் கை வைத்தவன் தயங்கினான். கோடாலிக் காம்பு முதுகில் விழுந்தது.

"பலமாடா. கொல்லும்போது இருந்த பலம் எங்க போச்சு?"

விலா எலும்பு முறிந்த சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது. இசெல் காதைப் பொத்திக்கொண்டாள். தாமோ அழுதுகொண்டே அமுக்கினான், கிழிந்த வாயால் ஊதினான், மறுபடி அமுக்கினான். நிறுத்தியபோதெல்லாம் காம்பு பேசியது.

"போதும்." பெரூக் அவன் பிடரியைப் பிடித்து வாசல்படியில் சாய்த்தான். கழுத்தை மிதித்துக்கொண்டு கோடாலியை ஓங்கினான்.

ஓரன் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. இருமினான். இன்னொரு முறை இருமினான். சுற்றி நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பின்னால் போனார்கள்.

ஓரன் கண்ணைத் திறந்தான். மிதிபட்டுக் கிடந்த தம்பியைப் பார்த்தான், பிறகு மெல்ல மேலே பார்த்தான்.

"என்னைத் தள்ளினவன் கையில கோடாலியை ஏன் குடுத்தீங்க?"