இரண்டு வழி, ஒரு நாற்காலி

வீட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் எழுதப்படாத விதி. உள்ளே யாருக்கும் காய்ச்சல் கிடையாது, வாடகை கிடையாது, மாமியார் கிடையாது. மென்பொருள் மட்டுமே உண்டு. புதிதாக மாற்றலாகி வந்த மேலாளரும் ஒரே நாளில் இதைப் புரிந்துகொண்டு, யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"அழிக்காதீங்க, நான் இன்னும் முடிக்கல" என்றாள் ஃபங்ஷன்காரி.

"முடிச்சாலும் புரியப் போறதில்ல" என்று, அவள் பலகையில் எழுதியதைத் துடைத்துக்கொண்டே போனான் ஆப்ஜெக்ட்காரன்.

ரயில் முன்பதிவு மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வோர் இருக்கையையும், தன் விவரங்களைத் தானே காத்துக்கொள்ளும் 'ஆப்ஜெக்ட்' என்ற தனிப்பொருளாகப் படைக்க வேண்டும் என்பது அவன் கட்சி. பதிந்த விவரத்தைத் திருத்தவே கூடாது, ஒவ்வொரு வேலையும் 'ஃபங்ஷன்' என்ற கணக்கு வாய்பாடுபோல் புது விடையைத் தந்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும் என்பது அவள் கட்சி. வாரக்கணக்கில் இதே பல்லவி. மேலாளருக்குக் காது புளித்துவிட்டது.

"உங்க வழியில தாத்தா தும்மினா பேரனுக்கு ஜலதோஷம். மேல ஒரு வரிய மாத்தினா கீழ எது உடையும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

"உங்க வழியில ஒரு டிக்கெட்ட ரத்து பண்ண புதுசா ஒரு உலகத்தையே படைக்கணும். அதுக்குப் பிரம்மாவத்தான் வேலைக்கு எடுக்கணும்."

"பழசு அப்படியே இருக்கறதாலதான் தப்பு எங்க நடந்துச்சுன்னு பாக்க முடியுது."

"பாதிக்குப் பாதி வெச்சுக்கலாமே" என்றார் மேலாளர் அலுப்புடன்.

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவள் கொட்டாவி விட்டாள். தொற்றிக்கொண்டு அவனும் விட்டான். இருவர் கண்களும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. மறுப்புரை தயாரித்தே இரவைக் கழித்திருப்பார்கள் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். அவன் சட்டைத் தோளில் காய்ந்த பால்திட்டு ஒன்று தெரிந்தது. விதிப்படி, அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

இனியும் இழுத்தடிக்க அவருக்குத் தெம்பில்லை.

"இன்னிக்கே ஒரு வழிய முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. யாரோட வழியோ அவங்க இருப்பாங்க." அவர் குரல் தேய்ந்தது. "இன்னொருத்தருக்கு இந்த மாசத்தோட சரி."

பின்வரிசையில் இருந்தவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஏன் இப்படி வாடிப்போகிறார்கள் என்று மேலாளருக்கு விளங்கவில்லை. கீரியும் பாம்பும் இனிக் கடித்துக் குதறிக்கொள்ளும் என்றே அவர் எதிர்பார்த்திருந்தார்.

ஃபங்ஷன்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆப்ஜெக்ட்காரன் அவளைக் கையமர்த்திவிட்டு, பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"அவளே இருக்கட்டும் மேடம். வீட்ல குழந்தைய நான் பாத்துக்கறேன்."