யாருடைய யோசனை?

"அந்தச் சட்டம் என் யோசனை முதலாளி. பெத்துராஜ் நான் சொன்னபடி செஞ்சான். அவ்வளவுதான்."

உள்ளே பேசியது மானேஜர் சிவராமலிங்கம். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நின்ற பெத்துராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு மேல் இருந்த இரும்புப் பட்டறை அது. சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற கிணறுகளில் உருளையைத் தாங்குவது மரச் சட்டம்தான். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து உளுத்துப் போகும். இரும்பில் ஒன்று வேண்டும், அதுவும் ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்கு ரெண்டு ஆள் தூக்கிப் போகிற மாதிரி வேண்டும் என்று விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கேட்டார்கள். அதைக் கேட்டு வந்து பட்டறையில் சொன்னவர் சிவராமலிங்கம். ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அவர் வேலை. கேட்டதைச் செய்து கொடுப்பது, பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் தொழில் படித்துவிட்டு வந்த பெத்துராஜின் வேலை.

சோறு தண்ணி மறந்து அதைச் செய்தான் பெத்துராஜ். கரித்துண்டால் தரையில் வரைவான், அழிப்பான், திரும்ப வரைவான். கடைசியில் ரெண்டு ஆள் தூக்குகிற கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

சிவராமலிங்கம் தட்டிப் பார்த்தார். கால் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டுமே, ஒரே ஒரு கிணற்றில் போட்டு இந்தக் கோடை முடிகிறவரை பார்ப்போமே என்றார். உங்களுக்கு விக்கத் தெரியும், இரும்பை எங்கிட்ட விட்டுருங்க என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான் பெத்துராஜ். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்று வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

இப்போது ஊரெல்லாம் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. பேர் வாங்குகிற நேரம் வந்ததும் மனுஷன் தன் யோசனை என்கிறார்.

பெத்துராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

முதலாளி சங்கரநயினார் நிமிர்ந்து பார்த்தார். சிவராமலிங்கம் அவனைப் பார்த்ததும், "நீ வேலையைப் பாரு பெத்துராஜ். நான் பேசிட்டு வாரேன்" என்றார். அதுவும் அவனுக்குத் தப்பாகவே பட்டது.

"அண்ணாச்சி சொல்லுதது பொய் முதலாளி. அது என் யோசனை. கால் தடிமனா இருக்கட்டும்னுதான் இவரு சொன்னாரு. இவரு பேச்சைக் கேட்டிருந்தா அந்தச் சட்டத்தைத் தூக்க நாலு ஆள் வேணும். மெலிசாக்குனது நான்."



"கொஞ்ச நாள் பாத்துட்டுக் குடுப்போம்னு இவரு சொன்னதா ஆளுக சொல்லுதாங்களே, அது?" என்று கேட்டார் முதலாளி.

"சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

சங்கரநயினார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"குருவிகுளத்துல நேத்து சாயங்காலம் அது ஒடிஞ்சு போச்சு. கமலை வடத்துல உக்காந்து மாட்டை ஓட்டிக்கிட்டிருந்த சண்முகையா தெறிச்சு விழுந்துட்டாரு. கால் எலும்பு நொறுங்கிக் கெடக்காரு ஆஸ்பத்திரில. செஞ்சவனை இன்னைக்கே வெளிய அனுப்புதேன்னேன். அதுக்குத்தான் இவரு, செய்யச் சொன்னது நான், என்னை அனுப்புங்கன்னு நிக்காரு."

பெத்துராஜின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. சண்முகையாவை அவனுக்குத் தெரியும். வண்டியோடு போய்ச் சட்டத்தை நட்டுக் கொடுத்தவன் அவன்தான். அந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறான்.

சிவராமலிங்கம் அவனைப் பார்க்காமலே சொன்னார். "என் மேல உள்ள கோவத்துல பேசுதான் முதலாளி. அவன் சொன்னதைக் கணக்குல எடுக்காதீங்க."

அவனுக்கு வழி திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"இல்ல முதலாளி," என்றான் பெத்துராஜ். "கோவத்துலதான் வந்தேன். ஆனா சொன்னது அம்புட்டும் நெசம்."

"ஏன்வே பொய் சொன்னீரு?" என்று முதலாளி சிவராமலிங்கத்திடம் திரும்பினார்.

"முழுப் பொய் இல்ல முதலாளி. செஞ்சது அவன். சரின்னு சொல்லி சம்சாரி கையில குடுத்தது நான். என் மனசுக்குச் சரின்னு படாமலே குடுத்தேன். எடுத்தெறிஞ்சு பேசிட்டானேன்னு எனக்கும் ஒரு வீம்பு. பட்டா தெரியட்டும்னு நெனச்சேன். பட்டது சண்முகையா."

பெத்துராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவர் கண் கலங்கியிருந்தது.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "ஆளுக்கு ஆள் தலையைக் குடுத்தா நான் யாரைத்தான் அனுப்ப?"

"ரெண்டு பேரையுமே அனுப்புங்க," என்றார் சிவராமலிங்கம். "வாசுதேவநல்லூர்ல இன்னும் ரெண்டு கிணத்துல நம்ம சட்டம் நிக்கு. இறைக்க வேண்டாம்னு விடியக்காலமே ஆள் விட்டிருக்கேன். நான் போனா நாளைக்கு வேற சட்டம் தாரேன்னு சொல்லத்தான் முடியும். இது ஏன் ஒடிஞ்சுதுன்னு பாத்து அதைச் செய்ய இவன் வேணும்."

முதலாளி, போங்க என்பது போலக் கையை மட்டும் அசைத்தார்.

பட்டறை வாசலில் வண்டி பூட்டி நின்றது. சிவராமலிங்கம் ஏறி உட்கார்ந்து நகர்ந்து இடம் விட்டார். பெத்துராஜ் ஏறாமல் நின்றான்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம் அண்ணாச்சி," என்றான். "சண்முகையாகிட்ட நானே சொல்லுதேன்."

"சேந்து சொல்லுவோம்," என்றார் அவர்.