விமலேந்திரனுக்கு விட்ட இடம்

நங்கூரச் சங்கிலியைவிட வலுவான ஒரு கையை நான் திருகோணமலையில் கண்டிருக்கிறேன். அந்தக் கைக்கு ஆள்தான் இல்லை.

சண்டைக் காலம். போதைத் தூளுக்கு அடிமையான பொடியன்களைத் தங்கவைத்துத் திருத்தும் விடுதியில் நான் சமையல். பாதிப்பேர் என் கஞ்சியால்தான் திருந்தினார்கள். காலையில் எல்லாரும் வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். ஒருவன் ஓடிப்போனால், அவன் திரும்பும்வரை பக்கத்தில் நிற்பவர்கள் அவனுக்காகக் கையை நீட்டியே வைத்திருக்க வேண்டும். அது விடுதி வழக்கம்.

தூள் தேடி அக்கரைக் கிண்ணியாவுக்கு நீந்திய விமலேந்திரன் கடலில் கடற்படையின் வெடிபட்டுச் செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை. மறுநாள் காலை, வட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் நிஷாந்தன், "நானும் போறன்" என்று திமிறினான். கடலில் இறங்கினால் அவனுக்கும் வெடிதான். ஆனால் விமலேந்திரனுக்காக நீட்டிய அவன் கை அசையவில்லை.

"நடிக்காதை," என்றார் பொறுப்பாளர் கனகரத்தினம். பேய்க்கதை கேட்டால் சிரிக்கிறவர்.

"நடிக்கேல்ல ஐயா. விமல் விடுறானில்லை."

நிஷாந்தனின் விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. கனகரத்தினம் போய் அவன் கையைப் பிடுங்கி எடுத்தார். நிஷாந்தன் ஓடவில்லை, அழுதுகொண்டே குசினிக்கு வந்தான். மற்றவர்களும் கஞ்சி குடிக்க வந்தார்கள்.

கனகரத்தினம் மட்டும் கையை நீட்டியபடி முற்றத்தில் நின்றார்.

"ஐயா, கஞ்சி ஆறுது," என்று கூப்பிட்டேன்.

"ஓம், அவன் வந்திட்டான்," என்றார் மெதுவாக. "இப்ப என்னைப் பிடிச்சிருக்கிறான்."