மேலயா, கீழயா?

அடைத்த குளிர்பெட்டிக்குள் சடையன், மருதன் என்று இரண்டு அணுக்கள் இருந்தார்கள். மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று இருவருமே முடிவு பண்ணவில்லை. ஒருவன் மேலே பார்த்தால் மற்றவன் கீழே, அதுதான் பேச்சு. முடிவு பண்ணாமல் இருக்கும்வரை ரெண்டு பேரும் ஒரே உயிர்.

“எவன் கேட்டாலும் பதில் சொல்லிடாதடா. சொன்னா நம்ம ஒட்டு விட்டுடும்,” என்பான் மருதன்.

பெட்டியின் மூடி கசிந்தது. உள்ளே வந்த காற்றுத் துகள்கள் ஒவ்வொன்றாகச் சடையனை இடித்துக் கேட்டன.

“அண்ணே, மேலயா, கீழயா?”

“இன்னும் முடிவாகலப்பா.”

ஆயிரமாவது துகளும் அதையே கேட்டது. சடையனுக்கு அலுத்துவிட்டது.

“மேலதான். ஆளை விடு.”

அந்த நொடியே மருதன் கீழே பார்த்தான்.

அதற்குப் பிறகு போகிற வருகிற துகளெல்லாம் சடையனை “மேலண்ணே” என்று உரிமையோடு கூப்பிட்டன. மருதன் மட்டும், “நீங்க யாருங்க?” என்றான்.