முன்னறைச் சுவர்

"பார்வோன் எதுக்கு சுருட்டு பிடிக்கிறாரு?"

விரித்துப் போட்டிருந்த, பைபிள் கதைப் படம் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை விரலால் தட்டிக் கேட்டாள், அதை வாங்க வந்திருந்த மிஸ் கார்னீலியா. இது பதினோராவது கேள்வி. எல்பர்ட்டுக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கோவேறு கழுதை செத்து எட்டு நாளாகிறது. ஜார்ஜியா முழுக்கப் பருத்தி விதைக்கிறார்கள், இவன் நிலம் மட்டும் உழாமல் கிடக்கிறது. போர்வை விற்றால்தான் இன்னொரு கழுதைக்கு முன்பணம். இந்த அம்மாளோ எகிப்து ராஜாவின் புகையிலையை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்!

"ராஜான்னா சுருட்டு பிடிக்க மாட்டாராம்மா?" என்றாள் அவன் மனைவி டெம்பி. போர்வையைத் தைத்தவள் அவள்தான். அடிமை வாழ்வு முடிந்து முப்பது வருடமாகியும், பிறந்த பண்ணையைப் பற்றி வாயே திறக்காதவள். அந்தப் பண்ணை முதலாளியின் பேத்திதான் கார்னீலியா; இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

"பார்வோன்கிட்டேயிருந்து தப்பிச்சு செங்கடலைத் தாண்டின அடிமைங்க லட்சக்கணக்குல ஆச்சே. நீ ஒன்பது பேரைத்தான் தச்சிருக்கே?"

"துணி அவ்வளவுதாம்மா இருந்துச்சு."

"எல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருக்கு. அவங்களைக் கூட்டிட்டுப் போன மோசே எங்கே?"

"வழி பார்க்க முன்னாடி போயிட்டாரு."

கார்னீலியா சிரித்துவிட்டாள். "சரி, அழகா இருக்கு. பத்து டாலர் தரேன். விருந்தாளி கட்டில்ல விரிச்சுக்கலாம்."

அப்பாடா என்று எல்பர்ட் போர்வையை மடிக்கக் குனிந்தான். டெம்பி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கட்டில்ல விரிக்கக் கூடாதும்மா. உங்க முன்னறைச் சுவத்துல மாட்டணும். மாட்டுறேன்னு வேதத்து மேல சத்தியம் பண்ணுங்க. இல்லேன்னா தர மாட்டேன்."

"ஏன்டி, புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று அவள் காதோரம் சீறினான் எல்பர்ட். "வாங்கினவங்க குதிரைக்குக்கூடப் போர்த்துவாங்க, உனக்கென்ன?"

டெம்பி அவன் பக்கமே திரும்பவில்லை. "வேதக்கதை சுவத்துல இருந்தா வீட்டுக்கு நல்லதும்மா."

கார்னீலியா யோசித்தாள்.

"பாதிரியார் வந்தா பார்த்து சந்தோஷப்படுவாரு. சரி, சத்தியம்!"

கார்னீலியாவின் வண்டி கிளம்பியதுதான் தாமதம், எல்பர்ட் வெடித்தான். "கைக்கு வந்தது நழுவிப் போயிருக்கும்டி! எந்தச் சுவத்துல தொங்கினா உனக்கென்ன வந்துச்சு?"

டெம்பி வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போர்வையில சுருட்டு பிடிக்கிறது அவ தாத்தா. அந்த முன்னறையில உக்காந்துதான் என் கூடப்பிறந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருத்தரா விலைபேசி வித்தாரு. இனிமே அந்த வீட்டுக்காரங்க தினமும் அந்த ஒன்பது பேர் முகத்துலதான் முழிக்கணும்."